‘முள்ளும் மலரும்’ படத்தில் குமரன் செய்த தவறுதான் என்ன?

நடுவரிசை (இழையைத் தொடங்கியவர்)

1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘முள்ளும் மலரும்’ பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் காளியையும் அவன் தங்கை வள்ளியையும் பாராட்டிவிட்டு நாம் கலைந்துவிடுகிறோம். ரஜினிகாந்தும் ஷோபாவும் அப்படி நடித்திருக்கும்போது அது இயல்புதான். ஆனால் இந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும் பாத்திரம் சரத்பாபு நடித்த பொறியாளர் குமரன்தான்.

குமரன் என்னதான் செய்துவிட்டார் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மின்நிலையத்துக்குப் புதிதாக வருகிறார். அங்கே விஞ்ச் (மலைச்சரிவில் வடத்தால் ஏற்றி இறக்கும் வண்டி) இயக்கும் காளி, ஊர்க்காரர்களை விதிக்கு மாறாக அதில் ஏற்றிச் செல்வதைக் கண்டு தடுக்கிறார். காளி கேட்காதபோது எச்சரிக்கிறார். ஒரு கட்டத்தில் தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்துகிறார். லஞ்சம் கேட்கவில்லை, பொய் சொல்லவில்லை, சொந்தக் கோபத்தை அலுவலகத்துக்குள் கொண்டுவரவில்லை. காளியின் தங்கையை அவருக்குப் பிடித்திருக்கிறது. அதையும் ஒளித்து மறைத்துச் செய்யாமல், அவளை மணம் செய்துகொள்ள முறையாகவே கேட்கிறார். தனக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியின் தங்கையை, அதுவும் வீதியில் வித்தை காட்டிப் பிழைத்து வளர்ந்த ஒரு பெண்ணை, எந்த நிபந்தனையும் இல்லாமல் மனைவியாக ஏற்க முன்வரும் அதிகாரியை அந்தக் காலத் திரைப்படங்களில் மட்டுமல்ல, இந்தக் காலத்து வாழ்க்கையிலும் எளிதில் காண முடியாது.

அப்படியிருந்தும் திரையரங்கில் நாம் காளியின் பக்கம்தான் நிற்கிறோம். காளி வழியில் போகும் காரின் விளக்கை உடைத்தால் ரசிக்கிறோம், குமரன் விதியைச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

இதற்கு எனக்குத் தோன்றும் காரணம் மிக எளிமையானது. காளியின் பிள்ளைப் பருவத்தைப் படம் தொடங்கும்போதே நமக்குக் காட்டிவிடுகிறார் இயக்குநர் மகேந்திரன். பெற்றோர் இல்லாத ஒரு சிறுவன், தன் சின்னஞ்சிறு தங்கையோடு தெருவில் வித்தை காட்டிச் சாப்பிட்டதைப் பார்த்துவிட்ட பிறகு, அவன் வளர்ந்து செய்யும் எந்த முரட்டுத்தனத்துக்கும் நம்மிடம் மன்னிப்பு தயாராக இருக்கிறது. குமரனுடைய பிள்ளைப் பருவம் நமக்குக் காட்டப்படவே இல்லை. அவர் ஜீப்பிலும் பதவியிலும் வந்து இறங்குகிறார். யாருடைய பழைய கதை நமக்குத் தெரியுமோ அவருடைய குற்றம் சிறியதாகத் தெரிகிறது என்ற இந்த மனித இயல்பை மகேந்திரன் நன்றாகவே அறிந்திருக்கிறார் என்பது என் கருத்து. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பைக்காரா

நண்பர் நடுவரிசைக்கு வணக்கம். நான் நீலகிரியில் மின்வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவன் என்பதால், இந்தப் படத்தைப் பார்க்கும்போது மற்றவர்கள் கதையைக் கவனிக்கும் நேரத்தில் நான் விஞ்சைத்தான் கவனித்துக்கொண்டிருப்பேன். குமரனைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்னால் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுவது நல்லது.

மலை உச்சியில் தண்ணீரைத் தேக்குகிறார்கள். அடிவாரத்தில் மின்நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே செங்குத்தான சரிவில் பெரிய இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. 1930களில் கட்டப்பட்ட பைக்காரா மின்நிலையத்திலும் இதே அமைப்புதான். அந்தக் குழாய்களை ஒட்டியே தண்டவாளம் போட்டு, ஒரு தொட்டிவண்டியை எஃகு வடத்தில் கட்டி ஏற்றி இறக்குவார்கள். மேலே ஓர் அறையில் வடம் சுற்றும் உருளையும், அதை இயக்குபவரும் இருப்பார்கள். சரிவு முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரியாது. மணியொலியையும் சைகையையும் நம்பித்தான் அவர் கையை அசைக்க வேண்டும். வண்டியில் எத்தனை பேர், எவ்வளவு சுமை என்பது வடத்தின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். வடம் அறுந்தால் கீழே போய்ச் சேர்பவர்களைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆகவே விதியைப் பொறுத்தவரை குமரன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் விஞ்ச் ஆபரேட்டருக்கு அந்த மலையில் என்ன மரியாதை இருக்கும் என்பதை வெளியிலிருந்து வருபவர்கள் எளிதில் புரிந்துகொள்ள மாட்டார்கள். சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் அரை நாள் ஆகும் இடத்துக்கு விஞ்சில் சிறிது நேரத்தில் போய்விடலாம். காய்கறி மூட்டையோடு நிற்கும் கிழவி, காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அவரும் ‘அண்ணே’, ‘மாமா’ என்று ஊருக்கெல்லாம் உறவாகிவிடுவார். காளியிடம் பணம் இல்லை, படிப்பு இல்லை, குடும்பப் பெயரும் இல்லை. அவன் ஊருக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் அந்தச் சவாரிதான். அதைக் கொடுப்பதால்தான் அவன் அங்கே ஆளாக இருக்கிறான்.

குமரன் அதை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துகிறார். அவர் மனத்தில் அது ஒரு பாதுகாப்பு விதி. காளியின் மனத்தில், வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்த கொடையாளி என்ற இடத்திலிருந்து இறக்கிவிடப்பட்ட அவமானம். நாம் காளியின் பக்கம் நிற்பதற்குப் பிள்ளைப் பருவக் காட்சி மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

முல்லைக்கொடி

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு ஆண்களுக்கு இடையே யாருடைய தன்மானம் பெரியது என்ற கேள்வியாகவே இந்தப் படத்தைப் பார்ப்பது எனக்குச் சலிப்பைத் தருகிறது என்பதை மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன்.

காளி தன் தங்கையின் பாதங்களில் மருதாணி இட்டுவிடும் காட்சியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நானும் கொண்டாடுகிறேன். ஓர் அண்ணன் தரையில் உட்கார்ந்து, தங்கையின் காலை எடுத்து வைத்துக்கொண்டு, அவ்வளவு பொறுமையாக அந்த வேலையைச் செய்வதைப் போன்ற காட்சிகள் தமிழ்ப் படங்களில் அபூர்வம். அதே அண்ணன்தான் பின்னால், குமரன் மீதுள்ள வன்மத்தில், அவள் விருப்பம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்காமல் வேறொருவருக்கு அவளைக் கட்டிக்கொடுக்கத் துணிகிறான். இந்த இரண்டு காளியும் வேறு வேறு ஆள் அல்ல. ‘உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்’ என்ற ஒரே எண்ணம்தான் மருதாணியிலும் இருக்கிறது, அந்தக் கல்யாண ஏற்பாட்டிலும் இருக்கிறது.

இப்படிப்பட்ட அண்ணன்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்கள் தங்கைக்குத் தைப்பூசத்துக்கு வளையல் வாங்கித் தருவார்கள், காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருப்பார்கள், அவள் யாரோடு பேசுகிறாள் என்பதையும் தாங்களே முடிவு செய்வார்கள். இவர்களை வில்லன் என்று சொல்ல வாய் வராது, நல்லவர் என்று சொல்லவும் வராது. காளி நமக்கு நெருக்கமானவனாகத் தெரிவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தெருவில் வித்தை காட்டிய பிள்ளை என்ற பரிதாபம் அதற்கு அடுத்தபடிதான்.

குமரனைப் பொறுத்தவரை, அவர் பொருட்டல்ல. வள்ளிக்கு அவர் ஒரு கதவு, அவ்வளவுதான்.

சிவகாசி ரசிகன்

இது காளியின் படம். 1978 ஜூனில் ‘பைரவி’ வந்தது, அதில்தான் ‘சூப்பர் ஸ்டார்’ என்று விளம்பரத்தில் போட்டார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இந்தப் படம் வந்தது. ‘உங்களுக்குப் பிடித்த இயக்குநர் யார்’ என்று கே. பாலசந்தரே கேட்டபோது, அறிமுகப்படுத்திய குருநாதரை முன்னால் வைத்துக்கொண்டே மகேந்திரன் பெயரைச் சொன்னவர் ரஜினி. ரெண்டு கை, ரெண்டு கால் போனாலும் பிழைத்துக்கொள்வான் இந்தக் காளி, கெட்ட பய சார் என்று அவர் குமரன் முகத்துக்கு நேரே சொல்லும் இடத்தில் அரங்கமே எழுந்து நின்றது. அந்த இடத்தில் குமரனின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

படத்தொகுப்பு மேசை

சிவகாசி ரசிகர் சொல்லும் கைதட்டல் உண்மைதான். ஆனால் அந்த வசனத்தைக் காளி தன் கையை இழந்த பிறகுதான் சொல்கிறான் என்பதைக் கவனித்தால் நடுவரிசை கேட்ட கேள்விக்கு வேறொரு பதில் கிடைக்கிறது.

இந்தப் படத்தின் மூலக்கதை உமாசந்திரன் எழுதிய நாவல். ‘கல்கி’ இதழின் வெள்ளிவிழாவை ஒட்டி 1966இல் நடந்த போட்டியில் பரிசு பெற்று, அந்த இதழிலேயே தொடராக வந்தது. நாவலில் காளி தன் கையைப் புலியிடம் இழக்கிறான். படத்தில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஆத்திரத்தில் குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடக்கும்போது லாரி ஏறிக் கையை இழக்கிறான். காட்டுப்புலியைப் படம்பிடிக்கும் செலவை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த மாற்றம் என்று யாரேனும் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புலி கடித்திருந்தால் அது விதி. அதற்கு யாரும் பொறுப்பில்லை. குமரன் தாராளமாக அனுதாபம் காட்டிவிட்டுப் போயிருப்பார். லாரி என்று மாற்றியவுடனேயே பொறுப்பு நூல்பிடித்தது போலப் பின்னோக்கிப் போகிறது: கை போனதற்கு லாரி, லாரிக்குக் குடி, குடிக்கு அவமானம், அவமானத்துக்கு அந்த உத்தரவு, உத்தரவில் குமரனின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் இங்கே மிகவும் சங்கடமான விஷயம்.

ஆகவே குமரன் செய்த தவறு என்ன என்று கேட்டால், தவறே செய்யாமல் ஒருவர் இன்னொருவரின் அழிவில் பங்குபெற முடியும் என்பதற்கு அவரை ஓர் எடுத்துக்காட்டாக மகேந்திரன் நிறுத்தியிருக்கிறார் என்பேன். நாவலின் முழுப் போக்கையும் பின்பற்றாமல் தன் திரைக்கதையைத் தனியாக அவர் எழுதிக்கொண்டதன் பலன் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகேந்திரன் அதற்கு முன்பு ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களுக்குக் கதை வசனம் எழுதிப் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் தன் முதல் படத்தை இயக்கும்போது வசனத்தைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தார். தயாரிப்பாளர் வேணு செட்டியார் இன்னொரு பாசமலரை எதிர்பார்த்திருக்கிறார். பின்னணி இசை சேர்க்காத பிரதியைப் பார்த்துவிட்டு, படத்தில் பேச்சே இல்லையே என்று அவர் கொதித்துப்போனதை மகேந்திரன் பதிவு செய்திருக்கிறார். பேச்சு இல்லாத அந்த இடங்களைப் பாலுமகேந்திராவின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் நிரப்பின. கையை இழந்து வந்த அண்ணனை வள்ளி பார்க்கும் காட்சியில், வேறு படமாக இருந்தால் இரண்டு பக்க வசனமும் ஒரு சோகப் பாட்டும் இருந்திருக்கும். இங்கே அவள் கை அவன் சட்டையின் வெற்றுக் கையைத் தொட்டு அறிகிறது. காளி பேசாமல் நிற்கிறான்.

நடுவரிசை

படத்தொகுப்பு மேசை சொன்ன புலி, லாரி ஒப்பீட்டை நான் இதுவரை யோசித்ததில்லை, மிக்க நன்றி. ஆனால் முல்லைக்கொடி சொன்னதை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. குமரன் வெறும் கதவு என்றால், ‘செந்தாழம் பூவில்’ பாடலை எங்கே வைப்பது? கண்ணதாசன் எழுதி, கே. ஜே. யேசுதாஸ் பாடி, மலைச்சாலையில் ஜீப்பை ஓட்டிக்கொண்டே குமரன் பாடும் அந்தப் பாட்டில்தான், விதியைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாத அந்த மனிதருக்குள் இவ்வளவு மென்மை இருக்கிறது என்பது வள்ளிக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரியவருகிறது. அதை எடுக்கத் தயாரிப்பாளர் பணம் தர மறுத்தபோது கமல்ஹாசன் தன் செலவில் படப்பிடிப்பை நடத்திக்கொடுத்தார் என்று மகேந்திரன் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். அந்தப் பாடல் இல்லாமல் படம் வெளிவந்திருந்தால் குமரன் ஒரு சுற்றறிக்கையாகவே நம் நினைவில் நின்றிருப்பார்.

மேல்நிலை எழுத்தர்

நான் ஓர் அலுவலகத்தில் பலரை மேற்பார்வை செய்யும் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். இளம் வயதில் இந்தப் படத்தைப் பார்த்தபோது குமரனைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. பின்னாளில் நானே பலருக்குக் குறிப்பாணை அனுப்பும் இடத்துக்கு வந்த பிறகு, காளியைப் பார்த்தால் தலைவலி வந்தது. இந்த ஆள் என் பிரிவில் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்றுதான் யோசித்தேன். திறமையான ஆள், ஊரில் செல்வாக்கு உள்ளவன், வேலையில் ஏமாற்றாதவன், ஆனால் உத்தரவு என்ற சொல்லைக் கேட்டாலே சிலிர்த்துக்கொள்பவன். ஒவ்வோர் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு.

என் அனுபவத்தில் குமரனிடம் ஒரு குறை இருக்கிறது. அவர் காளியைப் பற்றிக் கேட்டறியவில்லை. புதிய இடத்துக்குப் பொறுப்பேற்க வரும் அதிகாரி முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை, எந்த ஆள் எதற்குக் கோபப்படுவான் என்பதைப் பழைய ஆட்களிடம் விசாரித்துத் தெரிந்துகொள்வது. விஞ்சில் ஆள் ஏற்றக்கூடாது என்பதைத் தனியே அறைக்குக் கூப்பிட்டு, ‘காளி, வடம் அறுந்தால் உன் தலையில்தான் விழும், உனக்காகத்தான் சொல்கிறேன்’ என்று சொல்லியிருந்தால், அவனே மறுநாள் ஊராரைத் துரத்தியடித்திருப்பான். ‘ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் எனக்கொரு கவலையில்ல’ என்று ஆடுகிறவனிடம் அதிகாரத்தைக் காட்டிப் பயனில்லை. உரிமையைக் காட்டினால் பலன் உண்டு. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. ஆகவே அதைச் செய்யாததற்காகக் குமரன் மீது யாரும் விளக்கம் கேட்கவும் முடியாது.

பைக்காரா

எழுத்தர் ஐயா சொல்வது உண்மை. எங்கள் குடியிருப்பில் இருந்த மூத்த ஃபோர்மேன்கள் இந்தக் கலையில் தேர்ந்தவர்கள். பொறியாளரின் உத்தரவை அவர்கள் கீழே கொண்டுவந்து சேர்க்கும்போது அது உத்தரவு மாதிரியே இருக்காது. இந்தப் படத்தில் குமரனுக்கும் காளிக்கும் நடுவே அப்படி ஒருவர் பலமாக நிற்கவில்லை. எல்லாம் நேருக்கு நேர் மோதல்தான்.

முல்லைக்கொடி

அப்படி நடுவே நின்ற ஒருவர் இருக்கிறார், அவரை இதுவரை யாரும் குறிப்பிடவில்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. படாபட் ஜெயலட்சுமி நடித்த மங்காவைத்தான் சொல்கிறேன்.

மங்காவைச் சாப்பாட்டுப் பிரியை என்று சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ‘நித்தம் நித்தம் நெல்லுச் சோறு, நெய் மணக்கும் கத்திரிக்கா’ என்று வாணி ஜெயராம் குரலில் அவள் பாடும்போது, நேற்று வைத்த மீன் குழம்பு இழுக்கிறது என்று ஒரு கதாநாயகி தயக்கமில்லாமல் பாடுவதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருக்கிறது. பசி, ருசி, ஆசை எதையும் மறைக்கத் தெரியாத பெண் அவள். காதலை மறைக்கவும் அவளுக்குத் தெரியாது, நியாயத்தை மறைக்கவும் தெரியாது. ஆகவேதான் காளிக்கு மனைவியாகிவிட்ட பிறகும், வள்ளியின் விருப்பத்துக்கு எதிராகப் புருஷன் செய்வது தவறு என்று அவளால் சொல்ல முடிகிறது. வள்ளியைக் குமரனோடு சேர்த்துவைக்கும் முயற்சியில் புருஷனை எதிர்த்து முன்னால் நிற்கிறாள். காளியிடம் உரிமையைக் காட்டினால் பலன் உண்டு என்று எழுத்தர் ஐயா சொன்னார் அல்லவா, அந்த உரிமையைக் காட்டிப் பார்த்த ஒரே ஆள் மங்காதான், அதற்கு அவளுக்குக் கிடைத்தது வசவுதான்.

வள்ளிக்கு வருகிறேன். அவளைப் பேசாமடந்தை என்று பலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். ஷோபாவின் முகத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அண்ணனின் முகக்குறியை அறிந்து அதற்கேற்ப ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசும் பெண் அவள். அது பயத்தால் வருவதில்லை. உலகத்தில் தனக்கென்று இருக்கும் ஒரே ஆளை நோகடிக்காமல் தன் வாழ்க்கையையும் எப்படி நடத்திக்கொள்வது என்ற கணக்கு அது. நடிப்பு என்று தெரியாத நடிப்பு. மறுவருடம் ‘பசி’ படத்துக்காகத் தேசிய விருது பெற்ற அந்தப் பெண், 1980இல் தன் 17 வயதில் இறந்துபோனதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

படத்தொகுப்பு மேசை

அந்தக் கணக்கு கடைசிக் காட்சியில் தீர்கிறது என்று நீங்கள் கருதுகிறீர்களா? கல்யாண ஊர்வலத்தை விட்டுவிட்டு வள்ளி அண்ணனிடம் ஓடி வருகிறாள். ஊரே குமரன் பக்கம் போய்விட்டாலும் தன் தங்கை தன்னிடம்தான் வந்தாள் என்ற ஒன்றே காளிக்குப் போதுமானதாக இருக்கிறது. அதன் பிறகு அவனே அவளைக் குமரனிடம் ஒப்படைக்கிறான். அப்போதும்கூட உங்களை எனக்குப் பிடிக்கவில்லை சார் என்று குமரனிடம் சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். காளி திருந்தி, குமரனின் காலில் விழுந்து, இருவரும் கட்டித் தழுவிக்கொள்ளும் முடிவை எந்தத் தயாரிப்பாளரும் விரும்பியிருப்பார். பிடிக்காத மனிதனுக்குத் தங்கையைக் கொடுக்கிறவன், பிடிக்கவில்லை என்பதையும் விட்டுக்கொடுக்காமல் கொடுப்பதால்தான் அந்த முடிவை என்னால் நம்ப முடிகிறது.

முல்லைக்கொடி

நம்புவதில் எனக்கும் தடையில்லை. வள்ளி அண்ணனிடம் ஓடிவருவதை அன்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை. அவள் போகாமல் திரும்பினால்தான் அவன் போகச் சொல்வான் என்பது அவளுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஷோபாவின் முகம் அதற்கு இடம் கொடுக்கிறது.

நடுவரிசை

அப்படிப் பார்த்தால் அந்தக் காட்சியில் குமரன் மறுபடியும் ஓரமாக நிற்கும் ஆளாகிவிடுகிறார். அவருடைய கல்யாணத்தை அவர் இல்லாமலேயே அண்ணனும் தங்கையும் பேசி முடிக்கிறார்கள். முதல் நாளிலிருந்து விதி, ஒழுங்கு, அனுமதி என்று பேசி வந்தவருக்கு, கடைசியில் காளியின் அனுமதியின் பேரில்தான் மனைவி கிடைக்கிறாள். பிடிக்கவில்லை என்ற சான்றிதழையும் கையோடு வாங்கிக்கொண்டுதான் அவர் நகர வேண்டியிருக்கிறது.

மேல்நிலை எழுத்தர்

அது அவருக்கு நல்லதுதான். மைத்துனனிடம் அந்தச் சான்றிதழை வாங்கியவர் இனி விஞ்ச் அறைக்குப் போகும்போது கொஞ்சம் நின்று பேசிவிட்டுப் போவார்.

முல்லைக்கொடி

ஐயா, அந்த விஞ்ச் அறையில் இனிமேல் காளி இருக்கமாட்டான், கை போய்விட்டதே. அங்கே வேறொரு ஆபரேட்டர் இருப்பார். காளி வீட்டில் இருப்பான், எதிர்த்து நின்ற மங்காவோடு. அவர்கள் இருவரும் அன்று இரவு வீடு திரும்பி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் படம் காட்டவில்லை. அந்தக் காட்சியைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன்.